குட்டநாட்டு வாய்க்காலில் 'ஸ்பீடா போப்பா' என்கிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நாகர்கோவில்காரன். அரசுப் பேருந்தில் 31 வருடம் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. என் மனைவி தமிழாசிரியையாக இருந்தவள். 'இதையே என்னிடம் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், எழுதி அனுப்புங்கள், பிழையை நான் பார்த்துத் தருகிறேன்' என்றாள். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகளைக் கேரளத்தில், ஆலப்புழைக்குக் கிழக்கே குட்டநாட்டுக் கைனகரியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வருடத்தில் மூன்று நான்கு மாதம் நாங்கள் இருவரும் அங்கேதான் இருப்போம். மருமகன் வீடு வாய்க்கால் கரையில் இருக்கிறது. வாசற்படி இறங்கினால் நாலடி மண், அப்புறம் தண்ணீர். அந்த வாய்க்காலைத் தோடு என்பார்கள், காதில் போடுகிற தோடு இல்லை. கிறிஸ்துமஸ் லீவு, பொங்கல் லீவு, மே மாதம் என்றால் ஹவுஸ் போட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வழியாகத்தான் போகும். அதில் நம் ஊர்க்காரர்கள் நிறைய. படகு வளைவு திரும்புவதற்கு முன்பே பாட்டை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

போன டிசம்பர் கடைசி வாரம், மதியம் ஒன்றரை மணி இருக்கும். சம்பந்தியம்மா படித்துறையில் உட்கார்ந்து மீன் உரசிக்கொண்டிருந்தார். அவரை நாங்களும் பேரன் கூப்பிடுகிற மாதிரி அம்மச்சி என்றுதான் கூப்பிடுவோம். எழுபத்தொரு வயது. கரிமீனின் கறுப்புத் தோல் லேசில் வராது, சொரசொரப்பான கல்லில் வைத்துத் தேய்க்க வேண்டும். ஆறு மீனில் நாலு முடித்துச் சட்டியில் போட்டிருந்தார். நான் மேலே தென்னை மரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெரிய ஹவுஸ் போட் வந்தது. மாடி வைத்தது. 60 அடிக்கு மேல் நீளம் இருக்கும். எங்கள் தோடு அவ்வளவு அகலம் இல்லை, எதிரே இன்னொன்று வந்தால் இரண்டும் உரசாமல் போகலாம், அவ்வளவுதான். படகு நெருங்க நெருங்கத் தண்ணீர் ஏறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதலில் இறங்கும். அன்றைக்கு நான் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்: அம்மச்சியின் காலடியில் இருந்த படி காய்ந்தது, அதற்குக் கீழ்ப்படி வெளியே வந்தது, அதற்கும் கீழே எப்போதும் கண்ணில் படாத ஒரு படி பாசியோடு தெரிந்தது. யாரோ அடியில் மடையைத் திறந்து விட்ட மாதிரி. அம்மச்சி சட்டியைத்தான் முதலில் பிடித்தார். அவருக்கு அது பழக்கம். பிடித்து எழுவதற்குள் தண்ணீர் திரும்பி வந்துவிட்டது. மூன்று படியும் மூழ்கி, இடுப்பு வரை நனைந்து, கை வழுக்கி, சட்டி கல்லில் மோதி இரண்டாகப் போயிற்று. நாலு கரிமீனும் எங்கே வந்தோமோ அங்கேயே போகிறோம் என்று போய்விட்டன. அம்மச்சி பக்கவாட்டில் உட்கார்ந்த நிலையிலேயே சரிந்தார். நல்லவேளை, துணி துவைக்கிற கல் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஓடி இறங்கிக்கொண்டே தமிழில் கத்தினேன். 'மெதுவா போகச் சொல்லுங்க! மெதுவா போகச் சொல்லுங்க!' அதற்குள் படகு முப்பது நாற்பது அடி தாண்டிவிட்டது. மாடியில் இருந்த இரண்டு பிள்ளைகள் 'ஹாய் தாத்தா' என்று கையாட்டின. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு தம்பி, வயது முப்பது இருக்கும், போனைத் தூக்கி எங்களைப் படம் பிடித்தார். நனைந்த கிழவி, ஓடுகிற கிழவன், பின்னால் தென்னை. எந்தக் குரூப்பில் போட்டிருக்கிறாரோ தெரியாது.

அம்மச்சி ஒன்றும் சொல்லவில்லை. மீதி இரண்டு மீனை உரசி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார். எனக்குத்தான் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. படகில் கேட்டது என் பாஷை.

வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு அந்த இடத்தின் அமைப்பு சட்டென்று பிடிபடாது. எனக்கே பிடிபட இரண்டு வருடம் ஆயிற்று. குட்டநாடு என்பது பழைய இலக்கணக்காரர்கள் எண்ணிச் சொன்ன பன்னிரண்டு கொடுந்தமிழ் நாடுகளில், அதாவது வட்டாரத் தமிழ் பேசிய நாடுகளில், ஒன்று என்று என் மனைவி சொல்வாள். குட்டம் என்றால் பள்ளம், ஆழமான நீர். பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். அங்கே வயல் தாழ, வாய்க்கால் உயர. கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் கீழேகூட நெல் விளைகிறது. தண்ணீரை வெளியே இறைத்துப் போட 'பெட்டியும் பறையும்' என்று ஒரு மர ஏற்பாடு வைத்திருக்கிறார்கள், மோட்டாரில் ஓடுகிறது. அப்படி விளைகிற பயிருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் புஞ்ச! நமக்குப் புஞ்சை என்றால் வானம் பார்த்த பூமி. அங்கே இடுப்பளவு தண்ணீரை இறைத்துவிட்டு விதைப்பது. முதல் தடவை கேட்டபோது மருமகன் என்னைக் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு இந்த விவசாய முறையை 2013-ல் உலகப் பாரம்பரியங்களில் ஒன்றாக அங்கீகரித்தது என்று பேரன் ஸ்கூல் புராஜெக்டில் எழுதினான். வரப்பு வரைந்து கொடுத்தது நான்.

வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே இருப்பது ஒரு மண் வரப்பு. வீடு, தென்னை, கோழிக்கூடு, கக்கூஸ் எல்லாம் அந்த வரப்பின் மேல்தான். சில இடத்தில் கருங்கல் கட்டியிருக்கிறார்கள், சில இடத்தில் வெறும் சேறுதான். ஒரு நாளைக்கு இத்தனை படகு, ஒவ்வொரு படகுக்கும் இத்தனை அலை என்று அடித்துக்கொண்டே இருந்தால் சேறு என்னவாகும்? அடியில் அரித்து அரித்து, ஒரு நாள் மேலிருந்து தென்னை சாய்ந்து தோட்டில் விழும். வரப்பே உடைந்தால் அதற்கு மட வீழ்ச்ச என்று பெயர். அந்தச் சொல்லை அங்கே யாரும் சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள், குரல் இறங்கிவிடும். வாய்க்கால் முழுவதும் வயலுக்குள் இறங்கி, அந்த வருடத்து நெல் போயே போய்விடும். மழை வெள்ளத்தில்தான் பெரும்பாலும் உடைகிறது, ஹவுஸ் போட் அலையால் மட்டும் உடைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வெள்ளம் வருகிறபோது வரப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதில் மீதி பத்து மாதத்து அலைக்கும் பங்கு உண்டு.

இப்போது ஓட்டுநராக ஒன்று சொல்கிறேன்.

1994-ஆம் வருடம் என்று ஞாபகம். தக்கலைக்குப் பக்கத்தில், நல்ல மழை. ரோட்டோரம் பள்ளத்தில் தண்ணீர் கட்டி நின்றது. நான் அன்றைக்கு இருபது நிமிடம் லேட். ஓரத்தில் வெள்ளைத் தாவணியில் ஒரு பள்ளிக்கூடப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பார்த்தேன், பார்த்தும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. தாண்டிய பிறகு கண்ணாடியில் பார்த்தேன். தலையிலிருந்து கால் வரை செம்மண். அவள் பஸ்ஸைத் திட்டவில்லை, கல்லெடுத்து எறியவில்லை. கையில் இருந்த பரீட்சை அட்டையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கண்ணாடியில் தெரிந்த உருவம் சாகிற வரைக்கும் போகாது. அதற்கப்புறம் 20 வருடத்துக்கு மேல் ஓட்டினேன். தண்ணீர் நிற்கிற இடத்தில் ஆள் நின்றால் ஃபர்ஸ்ட் கியர்தான். பின்னால் ஹாரன் அடித்தாலும் சரி, டிப்போவில் மெமோ கொடுத்தாலும் சரி.

ஹவுஸ் போட்டில் பக்கக் கண்ணாடி கிடையாது. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஓட்டுகிறவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அலை பின்னால் போய்க் கரையில் அடிக்கிறது. படகு தாண்டிப் போய் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆன பிறகும் தண்ணீர் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் மோதிக்கொண்டே கிடக்கும். சட்டி உடைந்தது, துணி போனது, வள்ளம் என்கிற சின்னப் படகு மூழ்கியது எதுவும் படகில் இருக்கிறவர் கண்ணில் படாது. பஸ் டிரைவருக்காவது கண்ணாடி இருந்தது. அதனால்தான் மாடியில் உட்கார்ந்திருக்கிற பயணிகளைக் கேட்கிறேன், ஒரே ஒரு தடவை திரும்பிப் பின்னால் பாருங்கள். முன்னால் காயல்தான் வரப்போகிறது, எங்கேயும் ஓடிவிடாது.

வள்ளம் மூழ்கியது என்றேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், அறுபத்தைந்து வயது. அவர் வீட்டுக்கும் ரோடு கிடையாது. செங்கல்லோ, சிமெண்டோ, மாட்டுத் தீவனமோ, சவப்பெட்டியோ எல்லாம் வள்ளத்தில்தான் வர வேண்டும். ஜனவரியில் ஒரு நாள் ரேஷன் அரிசி ஒரு மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு கழி ஊன்றி வந்தார். வள்ளத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரற்கடைதான் இடைவெளி. லோடு இருந்தால் அப்படித்தான். வாடகை ஸ்பீடு போட் ஒன்று, உள்ளே நாலு பேர், செல்ஃபி எடுப்பதற்காக எங்கள் வளைவில் ஒரு வட்டமடித்தது. ஒரே அலை. வள்ளம் நிறைந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. சிலிண்டர் மிதந்தது, அரிசி மூழ்கியது. பெரியவர் ஒரு கையில் கழியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சிலிண்டரைக் கட்டிப்பிடித்து நீந்தினார். ஸ்பீடு போட்காரர்கள் திரும்பி வந்து 'சாரி' சொன்னார்கள், அதையும் சொல்லத்தானே வேண்டும். ஆனால் கிட்டே வந்த வேகத்தில் இன்னொரு அலை எழுந்து அவர் வாயில் தண்ணீர் போயிற்று. அரிசியைத் தார்ப்பாயில் மூன்று நாள் காயவைத்தார்கள். கோழிதான் தின்றது.

டீக்கடையில் ஒரு ஹவுஸ் போட் டிரைவரைப் பிடித்துப் பேசினேன். டிரைவருக்கு டிரைவர் பேச்சு வந்துவிடும். வயது நாற்பது, அதே ஊர்ப் பையன், அவன் அம்மாவும் ஏதோ ஒரு படித்துறையில்தான் பாத்திரம் கழுவுகிறாள். 'அப்புறம் ஏம்ப்பா இப்படி ஓட்டுறீங்க?' என்றேன். அவன் பாதி மலையாளம் பாதித் தமிழில் சொன்னதை நான் நம் தமிழில் தருகிறேன். 'அண்ணே, மெதுவாப் போனா எஞ்சின் ரிப்பேரான்னு கேக்குறாங்க. முன்னாடி போற போட்டை முந்துன்னு சொல்றாங்க. முந்தினா கை தட்டுறாங்க, டிப்ஸ் வருது. முந்தலன்னா ஊருக்குப் போய் நெட்டுல ரெண்டு ஸ்டார் போடுறாங்க. ஓனர் என்னைக் கேக்குறாரு.' மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏற்ற வேண்டும், நடுவே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கட்ட வேண்டும், காயலைக் காட்ட வேண்டும், ஐந்தரைக்குள் நல்ல இடமாகப் பார்த்து ராத்திரிக்குக் கட்ட வேண்டும். நல்ல இடத்துக்குப் போட்டி. இதில் எங்கே மெதுவாகப் போவது என்கிறான்.

அவன் சொன்னதை முழுசாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஸ்டியரிங் அவன் கையில்தான் இருக்கிறது. பஸ்ஸிலும்தான் 'அந்த வண்டியை முந்துங்கண்ணே' என்று இளவட்டங்கள் கத்துவார்கள். கத்தினால் கத்தட்டும் என்று விட்டுவிட்டுத்தான் 31 வருடம் ஓட்டினேன். ஆனாலும் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற எனக்கு யாரும் ஸ்டார் போடவில்லை என்பதும் உண்மை. பாதித் தப்பு அவனுடையது என்றால் பாதி மாடியில் இருப்பவர்களுடையது. அவன் பாதியை மலையாளப் பத்திரிகையில் யாராவது எழுதட்டும்.

ஒன்று மட்டும் அவனே சொன்னான். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அலை பாதியாவதில்லை, இருக்கிற இடமே தெரியாமல் போய்விடுகிறதாம். நானும் அதற்கப்புறம் நாலைந்து நாள் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். திராட்டிலைக் கொஞ்சம் இறக்கினாலே மூக்கில் எழுகிற வெள்ளைத் தண்ணீர் அடங்கிவிடுகிறது, படிக்கட்டு மூழ்குவதில்லை. நேரக் கணக்கும் பெரிதாக ஒன்றும் மாறாது. வீடுகள் இருக்கிற தூரம் ஒரு கிலோமீட்டர் என்றால் கூடுதலாக ஆறேழு நிமிடம்தான். விடுமுறைக்கு வந்தவருக்கு ஆறேழு நிமிடத்தில் எந்த ரயில் போய்விடப் போகிறது?

தண்ணீரில் பிரேக் கிடையாது என்பதும் நம்மவர்களுக்குத் தெரிவதில்லை. ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும், அதற்குள் ஒரு படகு நீளமாவது ஓடிவிடும். அரசுப் பயணிகள் படகு ஒன்று அந்த வழியில் ஓடுகிறது. நம் டவுன் பஸ் மாதிரி. இந்தக் கரை ஜெட்டியில் இரண்டு பேரை இறக்கி அந்தக் கரை ஜெட்டியில் மூன்று பேரை ஏற்றி, தையல் போடுகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் போகும். எனக்கு அதில் ஏறி முன்னால் உட்காருவது ஒரு ஆசை. ஓட்டுகிறவருக்கு அங்கே ஸ்ராங்கு என்று பெயர். அவர் கையில் சக்கரம் மட்டும்தான், எஞ்சின் பக்கத்தில் வேறொருவர் இருப்பார். ஸ்ராங்கு கயிற்றை இழுத்து மணியடித்தால் அவர் கூட்டுவார், குறைப்பார், ரிவர்ஸ் போடுவார். நம் ஊரில் கண்டக்டர் விசிலுக்கு டிரைவர் ஓட்டுவான். இங்கே டிரைவர் மணிக்கு எஞ்சின்காரர் ஓட்டுகிறார். என்ன ஒரு ஒழுங்கு தெரியுமா அது! அந்தப் படகு ஜெட்டிக்குத் திரும்புகிற நேரத்தில் ஹவுஸ் போட் ஒன்று பக்கத்தில் நுழைந்து முந்தினால் ஸ்ராங்குக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஸ்டாப்பில் ஓரங்கட்டுகிற பஸ்ஸின் இடது பக்கம் பைக் நுழைகிற மாதிரி. ஒரு நாள் ஜெட்டியை அடைத்துக்கொண்டு ஒரு ஹவுஸ் போட்டைக் கட்டிவிட்டு எல்லோரும் இறங்கி இளநீர் குடிக்கப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் புத்தகப் பையோடு அந்த ஹவுஸ் போட்டின் விளிம்பைப் பிடித்துத் தொற்றி ஏறி, அதைத் தாண்டித்தான் கரைக்கு வந்தார்கள். என் பேரனும் அதில் ஒருவன்.

வாத்து விஷயமும் சொல்ல வேண்டும். ஓர் ஆள் சின்ன வள்ளத்தில் நின்றுகொண்டு, நீளமான கழியால் தண்ணீரைத் தட்டித் தட்டி, நூற்றுக்கணக்கான வாத்துகளை ஒரே பாயை விரித்த மாதிரி ஓட்டிக்கொண்டு போவார். அதைப் பார்த்தால் எல்லோரும் போனை எடுப்பார்கள். எடுக்கட்டும், நானும் எடுத்திருக்கிறேன். படம் நன்றாக வர வேண்டும், வாத்து பறக்க வேண்டும் என்று ஏர் ஹாரன் அடிக்கச் சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது. பாய் கிழிந்து நாலு பக்கமும் போகும். பாதி நெல் வயலுக்குள் இறங்கிவிடும், வயல்காரர் சண்டைக்கு வருவார். அந்த ஆள் சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டும். நாலு வினாடி வீடியோ.

ராத்திரி சங்கதி தனிக் கதை, சுருக்கிவிடுகிறேன். சாயங்காலத்துக்கு மேல் ஹவுஸ் போட் ஓடாது, கட்டிவிடுவார்கள். காசு கொடுத்தும் ஆறு மணிக்கே கட்டிப்போட்டுவிட்டான் என்று நம்மவர்கள் முறையிடுவதைக் கேட்டிருக்கிறேன். அது வலைக்காரர்களின் நேரம். இருட்டில் வலை விரித்திருக்கும்போது மேலே படகு ஓடினால் வலை சுழலியில் சிக்கிக் கிழியும். அதனால் கட்டுகிறார்கள். ஆனால் கட்டுகிற இடம் யார் வீட்டு வாசல் என்று பார்ப்பதில்லை. ஏசிக்கு விடிய விடிய ஜெனரேட்டர். மாடியில் பன்னிரண்டு வரை ஸ்பீக்கர். தண்ணீர் மேல் சத்தம் எப்படிப் பரவும் என்று அங்கே படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், பாட்டின் ஒவ்வொரு வரியும் தலையணைக்குள் கேட்கும். பேரனுக்கு மறுநாள் அரைப் பரீட்சை, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தான். காலையில் தோட்டில் மிதக்கிற தட்டு, பாட்டில் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மாடியில் எல்லோரும் ஒரு பக்கமாக ஓடுவதைப் பற்றி மட்டும் பயந்து சொல்கிறேன். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். யானையோ எருமையோ தெரிகிறது என்று ஒரு பக்கம் சாய்ந்ததையும் அன்றைக்குக் காரணமாகச் சொன்னார்கள். ஸ்டியரிங் பிடித்தவனாகச் சொல்கிறேன், மேல் பாரம் மோசமானது. பஸ் கூரையில் ஆள் ஏற்றி வளைவு திருப்பியவனுக்குத் தெரியும். படகில் உங்கள் பிள்ளையைச் சட்டை போட வைக்கிற மாதிரி லைஃப் ஜாக்கெட்டையும் போட வையுங்கள். போட்டோவில் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

ஹவுஸ் போட்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் குட்டநாடே காலியானபோது அம்மச்சியையும் மாட்டையும் விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்த மருமகனையும் சேர்த்து ஆலப்புழைக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு ஹவுஸ் போட்தான். மாடு வரவில்லை. அந்தத் தொழிலில் அந்த ஊரில் எத்தனை அடுப்பு எரிகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஹவுஸ் போட்டுக்கு மூலமான பழைய கெட்டுவள்ளம் ஒன்றைப் பக்கத்தில் நின்று பாருங்கள், ஒரு ஆணி இருக்காது. ஆஞ்சிலிப் பலகையைக் கயிறால் தைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் அந்த மரத்தை அயனி என்போம். அந்த நாளில் அதில் நெல் போயிற்று, கழி ஊன்றிப் போனார்கள், அலை என்ற பேச்சே இல்லை. அதே உடம்பில் மாடியும் எஞ்சினும் ஏற்றிய பிறகுதான் அம்மச்சியின் சட்டி உடைந்தது.

அதனால் போகிறவர்கள் போங்கள். ஏறியதும், சாவி திருகுவதற்கு முன், டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: 'மெல்லெ போயால் மதி.' மெதுவாகப் போனால் போதும் என்று அர்த்தம். மலையாளம் வராதவர்களுக்கும் இது வரும். வீடு வருகிற இடத்தில் இன்னொரு தடவை சொல்லுங்கள். டிப்ஸ் கொடுக்கிறவர்கள் முந்தியதற்குக் கொடுக்காமல் முந்தாததற்குக் கொடுங்கள். அவனும் பிழைக்க வேண்டும், ஸ்டாரும் அதற்கே போடுங்கள். சின்னத் தோடுகளைப் பார்க்க ஆசை என்றால் பெரிய படகை அதற்குள் நுழைக்கச் சொல்லாமல், கூரை போட்ட சின்னப் படகு, ஷிகாரா என்பார்கள், அதில் போங்கள். இல்லையென்றால் ஆலப்புழை ஜெட்டியில் அரசுப் படகு ஏறுங்கள். சில்லறைக் காசில் அதே காயல், அதே கொக்கு, கூடவே ஸ்ராங்கின் மணி.

பிப்ரவரியில் நாங்கள் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு ஹவுஸ் போட் வந்தது. அதுவும் மாடி வைத்ததுதான், அதிலும் தமிழ்ப் பாட்டுதான், ஆனால் சின்னச் சத்தத்தில். டிரைவருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் அம்மா, என் வயது இருக்கும், பேச்சைக் கேட்டால் கோயம்புத்தூர்ப் பக்கம். வளைவுக்கு முன்பே அவர் டிரைவரிடம் என்னவோ சொல்லிக் கையை அமர்த்திக் காட்டுவது தெரிந்தது. எஞ்சின் சத்தம் இறங்கியது. படகு எங்கள் வாசலில் ஊர்வலத் தேர் மாதிரி நகர்ந்தது. நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றேன், பழகிப்போன பயம். அந்த அம்மா என்னைப் பார்த்து, 'என்னங்க, சாப்பாடு ஆச்சுங்களா?' என்றார். ஆயிற்று என்றேன். தண்ணீர் கடைசிப் படியில் ஒரு விரற்கடை ஏறி இறங்கியது.

அம்மச்சி படித்துறையில் புதுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர்,
நாகர்கோவில்.